கடைப் பிள்ளைகளின் வேர்வையும் பொலியெஸ்டர் சட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் வெள்ளவத்தையில் 31 வருடமாகத் தையல் தைக்கிறவள். சாறி பிளவுஸ், பாடசாலை வெள்ளைச் சட்டை, பஞ்சாபி, கடைகளுக்கான சீருடை, எது வந்தாலும் தைப்பேன். பத்திரிகைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. போன மாதம் என் வாசலில் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. எழுதினால் இரண்டு கடை முதலாளிமாராவது வாசிப்பார்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

விஷயம் வேர்வை நாற்றம். எங்கள் ஆட்கள் இதை நேருக்கு நேர் கதைக்க மாட்டார்கள். பஸ்ஸில் லேஞ்சியால் மூக்கைப் பொத்துவார்கள், இல்லாவிட்டால் ஆள் போன பிறகு கதைப்பார்கள். நேரே சொல்கிறவர்கள் சொல்லும் விதமோ அதைவிட மோசம்.

என் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு போடிங் இருக்கிறது. ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே அறையில் தங்கி, காலி வீதிக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு 19 வயது. ஒரு வெள்ளிக்கிழமை காலை 11 மணி இருக்கும், கடையில் நிற்க வேண்டிய நேரத்தில் என் வாசலில் நின்றாள். கையில் ஒரு பை, பைக்குள் கடைச் சட்டை. "ஆன்ட்டி, இந்தக் கைப் பக்கம் கொஞ்சம் லூசாக்கித் தர முடியுமா?" என்றாள். "ஏன் பிள்ளை, இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அழத் தொடங்கிவிட்டாள்.

முதல் நாள் மாலை, சாமான் வாங்க வந்தவர்களும் கூட வேலை செய்கிற பெடியன்களும் நிற்கும்போதே, மேற்பார்வை பார்க்கிறவர் ஒரு ரோல் ஓன் போத்தலை மேசையில் வைத்திருக்கிறார். "நாளைக்கு இதைப் பூசிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே. காசைச் சம்பளத்தில் வெட்டிக்கொள்வோம்" என்றாராம். பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்களாம். "நான் பூசாம இல்ல ஆன்ட்டி. காலைல ஒரு தடவ, பகல் ஒரு தடவ பூசுறேன். அப்பவும் வாடை வருது. எங்க ஊருல எனக்கு இப்படி இருந்ததே இல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஹட்டன் குளிருக்கும் கொழும்புப் புழுக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அவளுடைய உடம்புக்குத்தான் தெரியும். பிள்ளை அதைத் தன்னுடைய குற்றமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, சட்டையை வாங்கி மேசையில் விரித்தேன். தையலைப் பிரிக்க முதல் அந்த இடத்தை ஒருதரம் அயன் பண்ணி மட்டப்படுத்துவது என் பழக்கம். அயன் பெட்டி கமக்கட்டுப் பக்கம் பட்டதும் குப்பென்று நாற்றம் எழும்பியது. "ராத்திரிதான் தொவச்சேன் ஆன்ட்டி" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. கழுத்துப் பட்டியில் சவர்க்கார மணம் இன்னும் இருந்தது. கமக்கட்டில் மட்டும், தோய்த்த துணியிலிருந்தே, பழைய வெங்காயம் போல ஒரு வாடை.

தைக்கிறவர்களுக்கும் உடுப்பு வெளுக்கிறவர்களுக்கும் இது பழகிய சங்கதி. பருத்தியைத் தோய்த்துக் காயவைத்து அயன் பண்ணினால் துணியின் மணம்தான் வரும். பொலியெஸ்டர் அப்படியில்லை. அது தண்ணீரைக் குடிக்காது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர்வையோடு வருகிற எண்ணெய்ப் பசை நூலில் ஒட்டினால் சாதாரணச் சவர்க்காரத்துக்குச் சுலபத்தில் விடாது. காய்ந்த சட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடம்புச் சூடு பட்டுக் கொஞ்சம் வேர்த்ததும் பழைய நாற்றம் கிளம்பிவிடும். 2014இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் போட்டிருந்த ரீசேட்டுகளை அடுத்த நாள் மணந்து பார்த்துச் சோதித்திருக்கிறார்கள். பருத்தியைவிடப் பொலியெஸ்டர்தான் கூடுதலாக நாறியது. நாற்றத்துக்குக் காரணமான சில பக்டீரியாக்கள் பொலியெஸ்டரில்தான் நன்றாகப் பெருகின.

சட்டையின் உட்பக்கத்தைத் திருப்பியதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. கைச்சுற்றில் இரட்டைத் தையல் ஓட்டி, நூல் முடிச்சை உள்ளே மடக்கி விடுவது என் கைப்பழக்கம். அது நான் தைத்த சட்டை. ஜனவரியில் அந்தக் கடைக்கு 46 சட்டைகள் தைத்துக் கொடுத்திருந்தேன். துணியை முதலாளியே கொண்டுவந்து போட்டார். கடும் சிவப்பு, முழுப் பொலியெஸ்டர். "சுருங்காது, சாயம் போகாது, அயன் தேவையில்லை" என்றார். ஆளுக்கு இரண்டு சட்டைதான். கை இறுக்கமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றும் சொன்னார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அளவெடுத்தேன், தைத்தேன், கூலியை வாங்கினேன். இந்தத் துணியைப் போட்டுக்கொண்டு காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு மணி வரை நிற்கப்போகிற பிள்ளைகளை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. அதற்காக இப்போது வருந்துகிறேன்.

வேர்வை என்றால் என்ன என்று என் பெறாமகள் எனக்கு விளங்கப்படுத்தினாள். அவள் வைத்தியர். எங்கள் உடம்பில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை உடம்பைக் குளிர வைக்கத் தண்ணீரும் உப்பும் விடுகிறவை, அதில் நாற்றம் இல்லை. கமக்கட்டிலும் அரைப் பக்கத்திலும் வேறொரு வகைச் சுரப்பி இருக்கிறது. அது பிள்ளைகள் பெரியவர்களாகும் வயதில்தான் வேலை தொடங்கும். அதிலிருந்து வருவது கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்த பசை. அதுகூட வரும்போது மணக்காது. தோலில் குடியிருக்கிற பக்டீரியா அதைத் தின்று உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அந்த வெங்காய வாடைக்குக் காரணம் கந்தகம் கலந்த ஒரு பொருளாம், மிகச் சிறிய அளவே மூக்குக்கு எட்டிவிடும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. என் தங்கச்சியின் மகன் கொரியாவில் வேலை செய்கிறான். போன புதிதில், "இங்கே கடையில் ரோல் ஓன் தேடித் திரிய வேண்டியிருக்கு பெரியம்மா" என்றான். கொரியர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குக் கமக்கட்டு வாடை கிட்டத்தட்ட இல்லை. ஏபிசிசி11 என்ற ஒரு மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம். அதே மாற்றத்தால் அவர்களுடைய காதுக்குறும்பியும் ஈரமில்லாமல் பொடியாக இருக்கும். ஆக, கமக்கட்டு வாடை கூடுவதும் குறைவதும் பிறப்பிலேயே ஓரளவு தீர்மானமாகிவிடுகிற ஒன்று. ஒரு பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தி ஏசுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

இனி என் கதை. நானும் 20 வருடத்துக்கு மேல் ரோல் ஓன் பூசியவள்தான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது வீட்டில் எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பால்மாவும் அரிசியும் வாங்கவே கணக்குப் பார்க்கிற நேரத்தில் ரோல் ஓன் முதலில் போனது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஃபான் இல்லை, மெஷினைக் காலால் மிதித்துத் தைத்தேன். அந்தப் புழுக்கத்தில் ரோல் ஓனும் இல்லாமல் இருந்தது எப்படி என்று இப்போதும் பலர் கேட்பார்கள்.

முதல் மூன்று கிழமை கஷ்டம்தான். வேர்வை கூடியது போல இருந்தது. உண்மையில் கூடவில்லை, அடைத்திருந்தது திறந்தது, அவ்வளவுதான். வேர்வையை நிறுத்துகிற ரோல் ஓனில் அலுமினிய உப்பு இருக்கிறது. அது வேர்வைத் துவாரத்தின் வாயில் களி போல இறுகி அடைத்துக்கொள்ளும். முழுதாக அடைக்காது. அமெரிக்காவில் வேர்வையை 20 வீதம் குறைத்தாலே அந்தப் பெயரில் விற்கலாம் என்பதுதான் விதி. போத்தலில் டியோடரன்ட் என்று மட்டும் இருந்தால் அது வேர்வையை நிறுத்தாது, வாசமும் கிருமியைக் குறைக்கிற மருந்தும் மட்டும்தான். நிறையப் பேர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கி, வேலை செய்யவில்லை என்று குறை சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் மேசையில் வைத்த போத்தலும் இரண்டாவது வகைதான். நான் வாங்கி வாசித்துப் பார்த்தேன்.

"நஞ்சு வெளியேறுது, அதனால்தான் நாறுது" என்று எனக்கு அந்த நாட்களில் பலர் ஆறுதல் சொன்னார்கள். அதுவும் சரியில்லை. உடம்பின் கழிவை வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறது, ரோல் ஓன் பூசினால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று. அப்படி ஒரு தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. மெமோகிராம் எடுக்கப் போகும்போது பூச வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. அலுமினியத் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து, பார்க்கிறவரைக் குழப்பும். சிறுநீரக நோய் இருக்கிறவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுப் பாவிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் போத்தல்களில் அப்படி எழுதியே இருக்கும். பூசுகிறவர்களை நான் தடுக்கவில்லை. பூசுவதென்றால் இரவில், நன்றாகத் துடைத்துக் காய்ந்த தோலில் பூசுங்கள். காலையில் அவசரத்தில் ஈரத்தின் மேல் பூசுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

எனக்கு ரோல் ஓன் இல்லாமலே சரிவந்தது. செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலையில் முழுகும்போது கமக்கட்டில் சவர்க்காரம் போட்டு, உடனே கழுவாமல் ஒரு நிமிடம் நுரையோடு விடுவேன். பிறகு நன்றாகக் கழுவுவேன். துவாயால் துடைத்தபின் கையைத் தூக்கிக்கொண்டு ஃபானுக்கு முன்னால் நிற்பேன். முழுக்கக் காய்ந்த பிறகுதான் சட்டை போடுவேன். இதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. ஈரத்தோடு சட்டை போட்டால் கிருமிக்கு நாமே பாய் விரித்துக் கொடுத்தது போல. பகலில் ஒருதரம் ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த லேஞ்சியால் ஒற்றுவேன். இரவு படுக்க முதல் மேல் கழுவாமல் படுப்பதில்லை. முடியைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிடுவேன், முடியில்தான் பசை தங்கும்.

எங்கள் மூக்கு எங்களுடைய வாடைக்குப் பழகிவிடும், எங்களுக்கே தெரியாது. ஆரம்பத்தில் என் தங்கச்சியிடம் கேட்டு வைத்திருந்தேன், "ஒளிக்காமல் சொல்லு" என்று. ஒரு மாதத்தில் இரண்டு தடவைதான் சொன்னாள். இரண்டு தடவையும் நான் போட்டிருந்தது அதே ஜோர்ஜெட் பிளவுஸ்.

வேறு வழிகளையும் பார்த்தேன், பிழையாய்ப் போனவற்றையும் சொல்ல வேண்டும். அப்பச்சோடா பூசினேன், நாலாம் நாள் கமக்கட்டு சிவந்து எரிந்தது. எங்கள் தோல் இலேசான புளிப்புத் தன்மை உள்ளது, அப்பச்சோடா அதற்கு நேர் எதிர். தேசிக்காய் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் போட்டுக் கறுத்துவிடும். கையில்லாத சட்டை போடுகிற பிள்ளைகள் கவனம். படிகாரம் நல்ல சாமான், சலூன்களில் சவரம் செய்தபின் தேய்க்கிறார்களே அதுதான். நனைத்து இரண்டு தரம் தேய்த்தால் போதும், மலிவு, வருடக்கணக்கில் வரும். ஆனால் அலுமினியம் வேண்டாம் என்று சொல்லிப் படிகாரத்துக்குப் போகிறவர்கள், படிகாரமும் ஒரு அலுமினிய உப்புத்தான் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். சாப்பாட்டில் உள்ளியும் வெங்காயமும் கூடினால் வேர்வையில் கொஞ்சம் தெரியும். வெந்தயம் கூடினால் ஒருவகை இனிப்பு மணம் வரும், பிள்ளை பெற்ற வீட்டில் இதைக் கவனித்திருப்பீர்கள்.

எவ்வளவு கழுவினாலும் வேர்வை ஊற்றிக்கொண்டே இருக்கிறவர்கள், திடீரென்று வாடை மாறியவர்கள் வைத்தியரிடம் போக வேண்டும். தைரொய்ட் கூடினாலும் வேர்க்கும், மாதவிடாய் நிற்கிற வயதிலும் வேர்க்கும், சில மருந்துகளுக்கும் வேர்க்கும். அதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது.

ஆனால் நான் செய்தது எனக்குச் சரிவந்தது எப்படி? நான் வீட்டில் இருந்து தைக்கிறவள். குழாய் பத்தடி தூரத்தில் இருக்கிறது. நினைத்த நேரம் கழுவலாம், பருத்திச் சட்டை போடலாம். அந்தப் பிள்ளைக்கு இதில் எது இருக்கிறது?

அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தேன். இரவு எட்டரைக்குப் போடிங்குக்கு வருவாள். ஒரு குளியலறை, ஐந்து பேர். தன் முறை வந்து முழுகிச் சட்டையைத் தோய்க்கும்போது பத்து மணி தாண்டிவிடும். வெளியில் உடுப்புக் கொடி இல்லை, அறைக்குள்ளே கயிறு. தென்மேல் பருவக்காற்று மழை தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் கடற்காற்றில் உப்பு, துணி காய்ந்தாலும் ஒரு பிசுபிசுப்பு விடாது. ஊரில், யாழ்ப்பாணத்தில், வேர்வை காய்ந்து முதுகில் உப்புக் கோடாக நிற்கும். இங்கே காற்றே ஈரம், வேர்வை போக இடமில்லை. காலையில் சட்டை அரை ஈரம். அதைப் போட்டுக்கொண்டு போகிறாள். கடையின் முன்பக்கத்துக்கு ஏசி இருக்கிறது. சாமான் அடுக்குகிற மேல்மாடி அறைக்கு ஒரு ஃபான்கூட இல்லை. ஒரு நாளைக்கு இருபது முப்பது தரம் அந்த அறைக்கு ஏறி இறங்குவாள். கழிவறையில் ஒரு வாளித் தண்ணீர். முகம் கழுவப் போனால் "எங்கே போனாய்" என்ற கேள்வி. இப்படி நாள் முழுக்க நிற்கிற பிள்ளையின் கையில் ஒரு போத்தலைக் கொடுத்தால் எல்லாம் சரியாகுமா?

இந்த வெட்கத்தை வைத்து விற்பது இன்று நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் ஒரு வைத்தியர், சத்திரசிகிச்சை செய்யும்போது கை வேர்க்காமல் இருக்க ஒரு மருந்து செய்தார். அவருடைய மகள் எட்னா மர்ஃபி அதைக் கமக்கட்டுக்கு என்று ஒடோரோனோ என்ற பெயரில் விற்றார். 1919இல் ஒரு பெண்கள் சஞ்சிகையில் வந்த விளம்பரம், பெண்ணே, உன்னிடம் நாற்றம் வருகிறது, உனக்குத் தெரியாது, உன் சிநேகிதிகளும் சொல்ல மாட்டார்கள் என்ற கருத்தில் எழுதப்பட்டது. கோபப்பட்டுச் சஞ்சிகையை நிறுத்தியவர்களும் இருந்தார்கள், ஆனால் விற்பனை ஏறிக்கொண்டே போனது. தையல்காரியாக எனக்கு மனதில் நின்றது வேறு ஒன்று. அந்த மருந்து சிவப்பு நிறம், அமிலம் கலந்தது. துணியை அரித்துவிடுமாம். ஒரு பெண்ணின் கலியாண உடுப்பே அதனால் பழுதானதாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் என்னிடம் வருகிற வெள்ளைச் சட்டைகளின் கமக்கட்டில் உள்ள மஞ்சள், வெறும் வேர்வை இல்லை. அலுமினிய உப்பும் வேர்வையும் சேர்ந்து பிடித்த கறை. அதற்கு குளோரின் போட்டு வெளுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் மஞ்சளாகும். ஒரு பங்கு வினாகிரி, நாலு பங்கு தண்ணீர், அரை மணித்தியாலம் ஊறவைத்து, உட்பக்கத்தைத் திருப்பி, கட்டிச் சவர்க்காரத்தால் விரலாலே தேய்த்துத் தோயுங்கள். நாற்றம் பிடித்த பொலியெஸ்டருக்கும் இதுதான் வழி. தாய்மார் பிள்ளைகளின் பாடசாலைச் சட்டையைத் தோய்க்கும்போது கொலரைத் தேய்க்கிற அளவுக்குக் கமக்கட்டைத் தேய்ப்பதில்லை, இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போய், கடைச் சட்டையின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்குத்தெரு முழுக்க ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் அதே கடும் சிவப்பில் பருத்திப் பொப்ளின் கிடைத்தது. கைச்சுற்றை ஒரு அங்குலம் இறக்கி, கமக்கட்டில் சதுரமாக ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்தேன். அந்தத் துண்டு இருந்தால் கையைத் தூக்கும்போது துணி இழுக்காது, தோலோடு ஒட்டாது, காற்றுப் போகும். இதற்கு மேல் கமக்கட்டுப் பட்டையும் செய்து கொடுத்தேன். பழைய வேட்டித் துணியில் ஐந்து அங்குல அகலத்தில் வட்டமாக வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து ஓரம் அடித்து, நடுவில் மடித்தால் அரைச்சந்திரன் போல வரும். சட்டைக்கு உள்ளே தையலோடு இரண்டு அழுத்தப் பொத்தான் வைத்தால் போடலாம், கழற்றலாம். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஈரமானதைக் கழற்றிக் காய்ந்ததைப் போடச் சொன்னேன். மொத்தம் ஆறு சோடி. கோயிலுக்குக் கட்டுகிற பட்டுப் பிளவுஸ்களை நாங்கள் ஒவ்வொரு தடவையும் தோய்ப்பதில்லையே, அவற்றுக்கும் இது நல்லது. எங்கள் அம்மா காலத்தில் எல்லாப் பட்டுப் பிளவுஸிலும் வைத்தார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாது அக்கா" என்றார். பருத்தித் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சுருங்குமே" என்றார். சுருங்கும், பத்து நிமிடம் அயன் பண்ண வேண்டும், ஆனால் நாறாது என்றேன். அந்தப் பிள்ளை மட்டும் பருத்திச் சட்டை போடலாம் என்று சம்மதித்தார். ரோல் ஓன் காசை வெட்டவில்லை. மேல்மாடி அறைக்கு ஃபான் போடுவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். இன்றோடு ஐந்து கிழமை, அவள் வேலைக்குப் போகிறாள். பகலில் பட்டையை மாற்றுகிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். கூட வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள் பட்டை கேட்டு வந்திருக்கிறார்கள்.

மிச்சம் 44 சட்டைகள் அந்தக் கடையிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. கொழும்பில் இப்படி எத்தனை கடைகள்! கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். கசக்கத் தண்ணீரும், காயப்போட ஒரு கொடியும், மாற்றிக்கட்ட இன்னொன்றும் இருந்தால்தானே கட்டலாம்.

கடை முதலாளிமாரிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. சீருடைத் துணி எடுக்கும்போது பருத்தியோ, பருத்தி கூடக் கலந்ததோ பாருங்கள். ஆளுக்கு இரண்டு சட்டை போதாது, மழைக்காலத்தில் மூன்று வேண்டும். கழிவறையில் ஒரு குழாய், ஒரு சவர்க்காரம், பகலில் பத்து நிமிடம் கழுவ நேரம். சாமான் அறைக்கு ஒரு ஃபான். அதன் பிறகும் ஒரு பிள்ளையிடம் வாடை வந்தால், மேற்பார்வை பார்க்கிறவர் இல்லாமல், வயதில் மூத்த ஒரு பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, சட்டை சரியாகக் காயவில்லைப் போல" என்று தொடங்கட்டும். பெடியன்களுக்கு ஒரு ஆண் சொல்லட்டும். பாடசாலை ஆசிரியர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். பதினொரு, பன்னிரண்டு வயதில் சுரப்பி வேலை தொடங்கும்போது பிள்ளைகளுக்கே என்ன நடக்கிறது என்று தெரியாது. வகுப்பில் எழுப்பிச் சொன்னால் அந்தப் பிள்ளை பிறகு கையைத் தூக்கிக் கேள்வி கேட்கவும் மாட்டாது.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடையாவது பருத்திச் சீருடை தைக்கக் கொண்டுவந்தால் பொலியெஸ்டருக்கு வாங்கிய அதே கூலிக்குத் தைத்துத் தருவேன். முதல் 50 சட்டைகளுக்குக் கமக்கட்டுத் துண்டும் இரண்டு சோடி பட்டையும் கூலியில்லாமல் வைத்துத் தருவேன். ஏற்கெனவே என்னிடம் தைத்த பொலியெஸ்டர் சட்டை வைத்திருக்கிற பிள்ளைகள், எந்தக் கடையில் வேலை செய்தாலும் சரி, கொண்டு வந்தால் கைச்சுற்றை இறக்கித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன். விலாசத்தை இந்தக் கடிதத்தோடு தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன், கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 06